பிஸ்டனை விடாத சிலிண்டர்

கோயம்புத்தூரைச் சுற்றியிருந்த செம்மண் காடுகளில் மோட்டார்சைக்கிள்களை மேடு பள்ளமெல்லாம் தாவவிட்டுப் பந்தயம் நடத்திய காலத்தில், ஒரு வண்டியின் எஞ்சினுக்குள் ஒரு சிலிண்டரும் ஒரு பிஸ்டனும் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

சிலிண்டர் ஓர் இரும்புக் கிணறு. வெளியே அடுக்கடுக்கான மடிப்புகள், உள்ளே வழுவழுப்பு. பிஸ்டன், கவிழ்த்து வைத்த அலுமினியக் குவளை. நிமிடத்துக்கு ஏழாயிரம் தடவை அந்தக் கிணற்றில் ஏறி இறங்குவது அவன் பிழைப்பு. இருவருக்கும் நடுவே ஒரு தலைமுடிக்குக்கூட இடமில்லை. இருந்த இடத்தில் எண்ணெய் இருந்தது.

அந்த வண்டிக்குப் பெட்ரோலை மட்டும் ஊற்ற முடியாது. விளக்கெண்ணெயிலிருந்து செய்த பந்தய எண்ணெயை அதில் அளந்து கலக்க வேண்டும். அது எரிந்து வெளியே வரும்போது, பலகாரக் கடையும் மருந்துக் கடையும் ஒன்றாகத் தீப்பிடித்ததுபோல ஒரு வாசனை மைதானம் முழுக்கப் பரவும். அந்த வாசனையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் பிறகு வேறு எதையும் வேகம் என்று சொல்லமாட்டார்கள்.

"நீ மேலே வந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது" என்பாள் சிலிண்டர்.

"கீழே போனால்?"

"எப்போது வருவாய் என்று இருக்கிறது."

அதற்குள் அவன் வந்துவிடுவான். நிமிடத்துக்கு ஏழாயிரம் தடவை இதே பேச்சு. இருவருக்கும் சலித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் அந்தப் பேச்சு நின்றது.

நான்காவது சுற்று. முன்னால் ஒரே ஒரு வண்டி. சிலிண்டருக்கு உடம்பு கொதித்தது.

"எண்ணெய் இருக்கிறதே, ஏன் இப்படிச் சுடுகிறது?" என்றாள்.

"எண்ணெய் குறையவில்லை. காற்று கூடியிருக்கிறது" என்றான் பிஸ்டன். காற்று கூடினால் பெட்ரோல் நீர்த்துப்போகும், நெருப்பு மட்டும் உக்கிரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"என்மேல் பழி போடாதீர்கள்" என்றது பக்கத்திலிருந்த கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புவது அதுதான். "நான் அளந்துதான் அனுப்புகிறேன். எனக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் திருட்டுக் காற்று நுழைகிறது."

அலுமினியம் சீக்கிரம் பூரித்துப்போகும் சாதி. பிஸ்டன் வீங்கினான். சுவரில் உரசினான். பாதி வழியில் சிலிண்டர் அவனைப் பிடித்துக்கொண்டாள். பின்சக்கரம் அப்படியே நின்றது. ஓட்டிக்கொண்டிருந்த நஞ்சப்பன் கைப்பிடிக்கு மேலே பறந்து விழுந்து கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டார்.

நஞ்சப்பன்தான் வண்டியின் சொந்தக்காரர். வண்டியைப் பார்த்துக்கொண்டவர் கிட்டுசாமி. இருவருக்கும் அப்போது இருபத்தேழு வயது. பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே சைக்கிளில் போனவர்கள்.

"எண்ணெ ஊத்தலையாடா நீ?" என்றார் நஞ்சப்பன், புழுதியில் படுத்தபடி.

"ஊத்துனேன்டா."

"ஊத்துனா எப்படிறா பிடிக்கும்?"

எஞ்சின் பிடித்துக்கொண்டால் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டார்கள் என்றுதான் ஊர் முதலில் சொல்லும். கிட்டுசாமி நூறு தடவை ஊற்றியிருக்கிறார். நூற்றொன்றாவது தடவையை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, இதோ என்று காட்ட அவரால் முடியவில்லை. யோசிக்க யோசிக்க அந்தக் காலைப்பொழுது மங்கிக்கொண்டே போனது.

நஞ்சப்பன் வண்டியை எடுத்துப்போய்த் தன் பஞ்சு குடோனில் போட்டுப் பூட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. அவரும் தொடவில்லை. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் போயிற்று.

குடோனின் இருட்டு சிலிண்டருக்குப் பிடித்திருந்தது. மேலே பஞ்சுத் தூசி இறங்கி இறங்கி ஒரு போர்வையாக மூடியது. உள்ளே விளக்கெண்ணெய் காய்ந்து பிசினாகி இருவரையும் ஒட்டியது. ஓரங்களில் துரு வந்து தையல் போட்டது.

"இனி நீ எப்போது வருவாய் என்று நான் கேட்க வேண்டியதில்லை" என்றாள்.

"எனக்கு ஏறி இறங்கத்தான் தெரியும். இப்படி நின்றால் நான் பிஸ்டனே இல்லை."

"என்னோடு இருக்கிறாயே."

"இருக்கிறேன். ஆனால் நடந்தது என்னவென்று என் உடம்பில் எழுதியிருக்கிறது. வெளியே எடுத்தால் கிட்டுசாமி ஒரு நிமிடத்தில் படித்துவிடுவான்."

"படித்துவிட்டு உன்னைப் பழைய இரும்போடு போடுவான். என்னைக் குடைந்து அகலமாக்கி, உன்னைவிடப் பெரியவன் ஒருவனைக் கொண்டுவந்து வைப்பான்."

அது உண்மை. ஏற்கெனவே இரண்டு பிஸ்டன்களை அவள் அப்படித்தான் இழந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் சுவரிலிருந்து ஒரு மெல்லிய படலத்தைச் சீவி எடுத்தார்கள். பழையவர்கள் உரசிய தடமெல்லாம் அந்தச் சீவலோடு போயிற்று. இந்த மூன்றாமவனை விடுவதில்லை என்று அவள் முடிவுசெய்திருந்தாள்.

ஒருநாள் காலையில் குடோன் கதவு திறந்தது.

பழைய பந்தய வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து அடுத்த மாதம் செம்மண்ணில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. நஞ்சப்பனுக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்தார்கள். ஒருவர் கையை விரித்தார். இன்னொருவர் இதை எடைக்குப் போடுங்கள் என்றார். சேதி எப்படியோ கிட்டுசாமியின் மனைவி சுலோச்சனாவின் காதுக்குப் போய், அந்த அம்மாள் கணவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார்.

"வாங்க" என்றார் நஞ்சப்பன்.

"வந்தேனுங்க" என்றார் கிட்டுசாமி.

"உடம்புக்கு எப்படி இருக்குதுங்க?"

"போகுதுங்க."

கார்புரேட்டருக்குச் சிரிப்பு வந்தது. "'டா' போட்டுப் பேசிய இவர்கள் எப்போது பேங்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள்?" என்றது.

சுலோச்சனா ஒரு பஞ்சு மூட்டையைத் தட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "ஏனுங்ணா, எங்க கல்யாணத்துக்கு நீங்க வரல. உங்க குடோனுக்கு நான் வந்திருக்கறேன் பாத்துக்கங்க."

"அப்ப கட்டுப் போட்டிருந்துது அம்மணி."

"கட்டு கழுத்துலதானுங்களே? கால்ல இல்லியே?"

நஞ்சப்பன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிட்டுசாமி தூசியைத் துடைத்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கீழே வைத்தார். எஞ்சினின் தலைமூடியைத் திறந்தார். பாதிக் கிணற்றில் நின்றிருந்த பிஸ்டனை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த விரல் பழைய விரல்தான். பிறகு ஒரு டம்ளர் டீசலை உள்ளே ஊற்றினார்.

"மூணு நாள் ஊறட்டுங்க. அப்புறம் கட்டை வெச்சுத் தட்டிப் பாக்கறேன். எறங்கலீன்னா இரும்புத் தண்டு வெச்சு ஒடைக்கோணும்."

"ஒடைச்சா?"

"பிஸ்டன் சல்லிசல்லியாப் போகும். சிலிண்டரும் கூட விரிசல் விட்டுப்போச்சுன்னா வண்டி எடைக்குத்தானுங்க."

சிலிண்டர் அதைக் கேட்டாள். அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

டீசல் அவர்கள் இருவரின் விளிம்பில் வந்து நின்றது. "சித்தே இடம் விடம்மா" என்றது.

"இடமில்லை."

"உனக்குத்தான் அப்படித் தெரிகிறது. நான் அவசரப்படுகிறவன் இல்லை. நின்றுகொண்டே இருப்பேன்."

"நின்றுகொள்."

மறுநாளும் டீசல் நின்றுகொண்டிருந்தது. ஓரத்துத் துருவோடு பேச்சுக் கொடுத்து, ஊர் எது, எத்தனை வருடமாக இங்கே என்றெல்லாம் விசாரித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது.

அன்று பிற்பகல், சூடு காட்டும் கேஸ் விளக்கை வாங்கிவரக் கிட்டுசாமி கடைக்குப் போனார். சுலோச்சனாவும் நஞ்சப்பனும் குடோனில் இருந்தார்கள். ஃபிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்தபடி அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்ணா, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? இவிய பெட்ரோல்ல எண்ணெ கலக்கும்போது தனியாக் கலக்கமாட்டாரு. பக்கத்துல ஒரு ஆளு நிக்கோணும். 'பாத்துக்க, ஊத்திட்டேன்'னு சொல்லுவாரு. அந்த ஆளு 'ஊத்திட்டீங்க'ன்னு சொல்லோணும். அப்பத்தான் மூடியப் போடுவாரு."

நஞ்சப்பன் காப்பியைக் குடிக்கவில்லை.

"பட்டறைல ஆளு இல்லீன்னா என்னையக் கூப்புடுவாரு. அடுப்புல தோசை கெடக்கும், ஓடோணும். சாமி விளக்குக்கு எண்ணெ ஊத்துனாக்கூட 'பாத்தியா'ங்கறாரு. நானும் முப்பத்தெட்டு வருசமாப் பாத்துக்கிட்டு நிக்கறேன். என்ற காலு வலிக்குதுங்ணா."

"அம்மணி..."

"உங்களைக் கொற சொல்லலீங்க. ஊத்தாமப் போயிருந்தா, போவுது, மனுசன்தானே. ஊத்துனமா இல்லியான்னு தெரியாம இருக்கறதுதான் அவியளைத் தின்னுபோட்டுது. வேலைல ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா ஒரு நாளாச்சும் நிம்மதியா மூடியப் போட்டதில்ல."

வெளியே யாரோ வண்டியை முடுக்கிக்கொண்டு போனார்கள்.

சிலிண்டர் மெதுவாக, "உனக்கு இது தெரியுமா?" என்று பிஸ்டனைக் கேட்டாள்.

"தெரியாது. ஆனால் இப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்."

"நான் உன்னை மட்டும்தான் பிடித்துவைத்திருக்கிறேன் என்று இருந்தேன்."



அன்று டீசல் அவர்கள் நடுவே இன்னும் ஓர் இழை இறங்கியது. யாரும் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கிட்டுசாமி கேஸ் விளக்கைப் பற்றவைத்தார். சிலிண்டரின் வெளி மடிப்புகளில் நீலச் சுடர் மெல்லச் சுற்றிவந்தது. பிஸ்டனின் தலையில் ஒரு மரக்கட்டையை நிறுத்தினார். சுத்தியலைக் கையில் எடுத்தார்.

"நான் யாருக்கும் விரோதி இல்லை" என்றது சுத்தியல். "கை சொல்வதைக் கேட்பவன். இந்தக் கைக்கு இன்னும் பொறுமை இருக்கிறது. எத்தனை அடிவரைக்கும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது."

ஒன்று. இரண்டு. மூன்று. ஒன்றும் அசையவில்லை.

சூடு உள்ளே ஏறியது. முப்பத்தெட்டு வருடப் பிசின் இளகியது. முதலில் லேசாக, பிறகு தடையில்லாமல், அந்த விளக்கெண்ணெய் வாசனை எழுந்து குடோனை நிறைத்தது. நஞ்சப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கிட்டுசாமியின் சுத்தியல் பாதியில் நின்றது.

"எண்ணெ வாசமுங்க" என்றார் சுலோச்சனா.

"அது முந்துன பந்தயத்து எண்ணெயா இருக்கும்" என்றார் கிட்டுசாமி. அவர் தனக்கே சாட்சி சொல்லத் துணியாத மனிதராகிவிட்டிருந்தார். மறுபடி தட்டினார். நான்கு. ஐந்து. ஆறு.

"நாம் சேர்ந்து எத்தனை பந்தயம்?" என்றாள் சிலிண்டர்.

"பத்தொன்பது. கடைசியைச் சேர்த்தால்."

"கடைசியைச் சேர்த்துக்கொள். அதில்தான் நீ என்னைவிட்டுக் கீழே போகவே இல்லை."

"நான் போனால் நீ காலியாகிவிடுவாய்."

"தெரியும்."

"என் தடத்தையும் சீவிவிடுவார்கள்."

"தெரியும். பேசிக்கொண்டே இருக்காதே. போவதானால் போய்விடு. அவன் கை தளர்கிறது."

சுடர் இன்னொரு சுற்று வந்தது. இரும்பு விரிந்தது. கொதித்தபோது பிடித்துக்கொண்டவள், கொதித்துக்கொண்டே விட்டாள். ஏழாவது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிஸ்டன் ஒரு விரற்கடை இறங்கினான்.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. கிட்டுசாமி நான்கு நட்டுகளைக் கழற்றிச் சிலிண்டரை மேலே தூக்கித் தரையில் விரித்த சாக்கின்மேல் வைத்தார். பிஸ்டனைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பிவந்து எஞ்சினின் அடிவயிற்றில் விரலை விட்டுத் துழாவினார். மறுபடி பிஸ்டனைப் பார்த்தார்.

பிறகு பஞ்சு மூட்டையில், மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஊத்தியிருக்கறேன்" என்றார்.

அவராகவே சொன்னார். "எண்ணெ இல்லீன்னா சுத்திச் சுத்தி எல்லாப் பக்கமும் கீறியிருக்கும். இது பொகை போற பக்கம், சூடு சாஸ்தியான பக்கம் மட்டுந்தான் கீறியிருக்குது. உள்பக்கம் பாரு, தேன் கலர்ல எண்ணெ படிஞ்சிருக்குது. அடி பேரிங் கண்ணாடியாட்டம் இருக்குது. எண்ணெ இல்லீன்னா மொதல்ல சாவறது அதுதான்." மனைவியின் பக்கம் திரும்பினார். "ஊத்தியிருக்கறேன் சுலோச்சனா."

"ஊத்தியிருக்கீங்க" என்றார் அந்த அம்மாள்.

நஞ்சப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்புறம் எதனால பிடிச்சுதுங்க?"

"காத்து."

கிட்டுசாமி எழுந்து சிலிண்டரிடம் வந்தார். கார்புரேட்டர் வந்து பொருந்தும் அவள் வாயோரத்தில், கன்னங்கரேலென்று பழைய பேக்கிங் ஒட்டியிருந்தது. இரண்டு இரும்புகள் சேரும் இடத்தில் காற்றுப் புகாமல் வைக்கிற அட்டை அது. பிளேடை நுழைத்துக் கிழியாமல் உரித்தார். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தார். கறுப்பு போகப் போக, ஒரு மூலையில் மஞ்சள் தெரிந்தது. இன்னொரு மூலையில் தங்க நிறத்தில் புடைப்பாக அச்சடித்த பாதிக் குத்துவிளக்கு. நடுவில் பெரிய ஓட்டை. ஓட்டையைச் சுற்றி எழுத்துகள்.

சுலோச்சனா குனிந்து படித்தார். "திருவளர்ச்செல்வன்... கிட்டு. அப்புறம் ஓட்டை. திருவளர்ச்செல்வி... சுலோ." நிமிர்ந்தார். "இது நம்ம பத்திரிகையில்ல?"

நஞ்சப்பன் கையை நீட்டி அதை வாங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

"அன்னிக்குக் காலைல பெட்ரோல் கசிஞ்சுது. நீ பிளக் வாங்கப் போயிருந்தே. பழைய பேக்கிங் கிழிஞ்சு கெடந்துது. சட்டைப் பையில பாத்தேன், இதுதான் இருந்துது. முந்தின நாளுதான் நீ குடுத்தே. கெட்டி அட்டையா இருக்குதேன்னு வெட்டி வெச்சேன். உன்ற வேலைல கைவெச்சேன்னு சொன்னா நீ திட்டுவே. அதுனால சொல்லல." கொஞ்சம் நிறுத்தினார். "அதுனாலதான் பிடிச்சிருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஒரு அட்டை இந்த வேலை செய்யும்னு நெனைக்கவே இல்ல."

கிட்டுசாமி விரல்நுனியால் அந்தப் பாதி விளக்கைத் தடவினார். "புடைப்பா இருக்குது. சமமா உக்காரல. இதுல காத்து எடுத்திருக்குது."

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏனுங்ணா, கல்யாணத்துக்கு வரலீன்னாலும் பத்திரிகைய வேஸ்ட் பண்ணலீங்க நீங்க."

நஞ்சப்பனும் சிரிக்க முயன்றார். அது சிரிப்பாக வரவில்லை. வேட்டி நுனியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

சாக்கின்மேல் கிடந்த சிலிண்டர், பஞ்சு மூட்டையின்மேல் கிடந்த பிஸ்டனைப் பார்த்தாள். இத்தனை தூரத்திலிருந்து அவள் அவனைப் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் முழுக்கக் கீறல். சின்னவனாக இருந்தான்.

"படித்துவிட்டான்" என்றான் அவன்.

"கேட்டேன்."

"உனக்கு எப்படி இருக்கிறது?"

"குளிர்கிறது" என்றாள். பிறகு, "எனக்குள் காற்று போய்வருகிறது. இந்தக் காற்று ஒன்றும் செய்யவில்லை" என்றாள்.

கிட்டுசாமி அவளைத் தூக்கினார். இவளை இன்னும் ஒரு தடவை குடைந்து அகலப்படுத்த முடியுமா, சுவர் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். சிலிண்டரின் சுவரைப் பார்ப்பதற்கு மெக்கானிக்குகளிடம் ஒரே வழிதான் உண்டு. இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சன்னலை நோக்கித் தூக்கி, அவள் வழியாக வெளிச்சத்தைப் பார்ப்பது. அவரும் அப்படித்தான் தூக்கினார்.

சன்னலுக்கும் அவருக்கும் நடுவில் நஞ்சப்பன் நின்றிருந்தார். அந்த இரும்பு வட்டத்துக்குள், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, அவர் முகம் மட்டும் தெரிந்தது. நரைத்த மீசை, ஈரக் கன்னம், எல்லாம் சரியாக அந்த அளவுக்குள் அடங்கியிருந்தது.

"நகுருடா, வெளிச்சம் மறைக்குது" என்றார் கிட்டுசாமி.

நஞ்சப்பன் நகரவில்லை. கிட்டுசாமியும் சிலிண்டரை இறக்கவில்லை.